ஊரைப் படிக்காத வரைபடம்

(சிற்றூர் வணிகரும் கைத்தொழிலாளரும் ஒன்றுகூடிய தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

தமிழ்மன்றத்திற்கு வந்த புலவன் இலக்கியம் பேசாது, கடையையும் உலையையும் பேசுவதேன் என்று சிலர் எண்ணலாம். மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அதைப் பேசுவாரின் பிழைப்பிலும் வாழ்வது. ஒருவனது பிழைப்பு அவனுக்கு விளங்காத மொழியில் முடிவு செய்யப்படுமாயின், அங்கே மொழிச் சிக்கலும் சோற்றுச் சிக்கலும் ஒன்றே ஆகிவிடுகின்றன.

சில திங்களுக்கு முன்னர், எங்கள் ஊரில் மாவரைவை நடத்துபவர் ஒரு மடலைக் கையில் ஏந்தி என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவர் தந்தையார் தொடங்கிய அரைவை அது. ஊரைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகின, குடிகள் பெருகினர், நெல்லும் மிளகாயும் கேழ்வரகும் கொண்டுவருவோர் வரிசையும் நீண்டது. கொட்டகையைச் சற்று நீட்டி, எண்ணெய்ச் செக்கு ஒன்றும் அமைக்க இசைவு கேட்டு எழுதியிருந்தார். மறுமொழி முழுதும் ஆங்கிலத்தில் வந்திருந்தது. படித்துத் தமிழில் சொன்னேன்: “உங்கள் நிலம் குடியிருப்புக்கென வரையறுக்கப்பட்டுள்ளது. உங்கள் தொழில் அங்குப் பொருந்தாப் பயன்பாடு. ஆகவே விரிவாக்கத்திற்கு இசைவு இல்லை.” சற்று நேரம் அவர் வாய் திறக்கவில்லை. பின்னர், “ஐயா, ஊருக்கே மாவரைத்துக் கொடுத்த நான் ஊருக்குப் பொருந்தாதவனா? இதை எப்போது முடிவு செய்தார்கள்? யாரைக் கேட்டுச் செய்தார்கள்?” என்றார். அவ் வினாக்களுக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இவ்வுரை.

நகர் வளர்கின்றது, அதனை மறுப்பாரில்லை. தமிழ்நாட்டு மக்களுள் நகர்ப்புறத்தில் வாழ்வோர் 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நூற்றுக்கு 44 பேர்; 2011இல் 48 பேர். சென்னைப் பெருநகர்த் திட்டப்பரப்பு முன்பு 1,189 சதுரக் கிலோமீட்டராக இருந்தது. அதனை 5,904 சதுரக் கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசு ஆணையிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவும் அவ் வட்டத்துள் வருகின்றன. நேற்றுவரை ஏரும் ஏரியுமாய் இருந்த ஊர்கள் அவை.

இத்தகைய திட்டங்களுக்கு வேராவது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி ஒரு வட்டாரத்திற்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படுகின்றது. நிலம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் தீட்டப்படுகின்றது. எந்த வண்ணத்துள் எத்தொழில் நடக்கலாம், எத்தனை குதிரைத்திறன் பொறி ஓடலாம், எத்தனை அடி அகலமுள்ள தெரு வேண்டும் என்பவற்றை நெறிகள் வரையறுக்கின்றன. முன்பே நடந்துவரும் தொழிலை உடனே மூடச் சொல்வதில்லை, இருந்தபடி இருக்கலாம். ஆயின் நீட்டவும் பெருக்கவும் புதுக்கவும் முனைந்தால் தடை எழும். எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டின் உட்பொருள் என்ன? ஊர் வளரும், ஊரின் தொழில் மட்டும் வளரலாகாது. வளரத் தடை செய்யப்பட்ட மரம் வெட்டப்படாமலே பட்டுப்போகும். அவ்விடத்தில், எல்லா இசைவும் பெறும் பொருள்வலி உடைய பெருங்கடை வந்து அமரும்.

நிலத்தைப் பிரித்து ஆள்வதே தவறு என்று நான் கூறவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை பட்ட பாட்டை நாம் அறிவோம். அவ் வழக்கில் 1996இல் இந்திய உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. நொய்யலாற்றைச் சாயக்கழிவு கெடுத்தமையால் 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு உயர் வழக்குமன்றம் ஆணையிட்டது. நஞ்சு கக்கும் தொழிலைக் குடியிருப்பினின்று விலக்கத்தான் வேண்டும். ஆனால், ஆற்றைக் கெடுக்கும் ஆலையும் தெருமுனை மாவரைவையும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையா? மிதிவண்டி செப்பனிடுவோனும் தையற்காரனும் குடியிருப்புக்குப் பகைவரா? அவர்கள் இன்றி அது குடியிருப்பாகத்தான் இருக்குமா?

தொழிலுக்கு இடம் வகுக்கும் கலையை நமக்கு மேலையர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைத் திறந்து பாருங்கள். புகார் நகர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாக வகுக்கப்பட்டிருந்தது. மருவூர்ப்பாக்கத்தில் கூலக் கடைத்தெரு ஒருபுறம். நெய்வோர், கொல்லர், தச்சர், குயவர், பொற்கொல்லர், தையற்காரர் ஒருபுறம். பிட்டும் அப்பமும் மீனும் உப்பும் விற்போர் ஒருபுறம். இளங்கோவடிகள் இவர்களுள் ஒருவரையும் விட்டுவிடாது பெயர் சொல்லி அமைத்திருக்கிறார். இரு பாக்கங்களுக்கும் நடுவே, மரங்களின் அடியே கால்களாக அமைந்த சோலையில் நாளங்காடி நடந்தது. மதுரைக்காஞ்சியோ நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகின்றது. பண்டைத் தமிழன் அங்காடியை ஊருக்கு வெளியே தள்ளவில்லை. ஊரின் நடுவே வைத்தான். பிரித்தான், பிரித்தவற்றை அங்காடியால் சேர்த்தான். இன்றைய வரைபடமோ பிரிப்பதோடு நின்றுவிடுகின்றது.

இனி, “யாரைக் கேட்டுச் செய்தார்கள்?” என்னும் வினாவிற்கு வருவோம். சட்டம் கேட்கத்தான் சொல்கின்றது. திட்டம் பற்றிய அறிவிப்பை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட வேண்டும். தடைகளையும் கருத்துகளையும் எழுதித்தர இரண்டு திங்களுக்குக் குறையாத காலம் தரவேண்டும். ஆனால், நெறிகளும் வரைபடக் குறிப்புகளும் ஆங்கிலத்தில் கிடந்தால், அரசிதழைக் கண்ணாலும் கண்டிராத அரைவைக்காரர் அவ் இரண்டு திங்களில் என்ன செய்வார்? அவர் வாளாவிருந்தது இசைவு என்று கொள்ளப்படுகின்றது. அஃது இசைவன்று, ஐயன்மீர்; அறியாமையின் அமைதி! அவ் அறியாமையும் அவரால் விளைந்ததன்று. அவர் மேல் ஏற்றப்பட்டது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அதன் பின்னும், ஒரு கொட்டகையை நீட்ட இசைவில்லை என்று சொல்லவே அயன்மொழி தேவைப்படுகின்றது எனின், ஆட்சி யாருடையது? மொழி யாருடையது?

சாலையோரக் கடையினர் நிலையும் இதுவே. அவர்களைக் காக்க 2014இல் நடுவணரசு ஒரு சட்டம் செய்தது. கணக்கெடுத்துச் சான்று வழங்குமுன் எவரையும் அகற்றலாகாது என்றும், விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடம் விற்போர்க்கே உரியது என்றும் அது கூறுகின்றது. நல்ல சட்டம். ஆனால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று பெயர் சுட்டும் அச்சட்டம் சிற்றூராட்சியைப் பெயர் சுட்டவில்லை. நகராக மாறிக்கொண்டிருக்கும் சிற்றூரில் இளநீரும் காய்கறியும் விற்கும் தாய், சாலை அகலப்படுத்தும் பொறி வரும்போது எச்சட்டத்தைக் காட்டி நிற்பாள்?

உடன்பிறப்புகளே, நம் குறையையும் மறைக்க வேண்டா. ஊரவைக் கூட்டம் ஆண்டிற்கு ஆறு முறை கூடுகின்றது. நம்முள் எத்தனை வணிகர் அங்குச் செல்கின்றனர்? சென்றவருள் எத்தனைபேர், “நம் ஊர்க்குத் தீட்டிய வண்ணம் என்ன?” என்று வினவினர்? தமிழில் மடல் வரவில்லை என்று வருந்தும் நாம், நம் கடைப்பலகையில் ஆங்கிலத்தைப் பெரிதாகவும் தமிழைச் சிறிதாகவும் எழுதி மகிழ்கின்றோம். கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமாயின், கேட்கும் மொழியும் நம்முடையதாதல் வேண்டும்.

நாம் கேட்கவேண்டுவன நான்கே. ஒன்று: திட்ட நெறிகளும் வரைபடமும் தமிழில், புல எண்ணுடன், ஊராட்சி அலுவலக வாயிலில் வைக்கப்படல் வேண்டும். இரண்டு: அவை ஊரவையில் படித்து விளக்கப்பட்ட நாளிலிருந்தே கருத்துக் கூறும் காலம் எண்ணப்படல் வேண்டும். மூன்று: வண்ணம் தீட்டுமுன், அவ்வூரில் நடக்கும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு தொழிலும் கணக்கெடுக்கப்படல் வேண்டும், தீங்கற்ற சிறுதொழில் குடியிருப்புள் வளரவும் இடந்தரல் வேண்டும். நான்கு: ஊரின் கிழமைச் சந்தைக்குரிய இடம் அங்காடி நிலமாகவே வரைபடத்தில் குறிக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் அரசுக்குப் பெரும்பொருள் செலவு வைப்பதன்று.

அரைவைக்காரரின் மடலுக்கு மேல்முறையீடு எழுதினோம்; தமிழிலேயே எழுதினோம். அவ்வரைவையில் மாவரைக்கும் பெண்கள் கையெழுத்திட்டனர். எழுத்தறியாத மூதாட்டியர் கைந்நாட்டு வைத்தனர். விடை இன்னும் வரவில்லை. ஆயினும், அன்றுவரை தனியொருவர் கையில் நடுங்கிய தாள், அன்று முதல் ஊரின் தாளாயிற்று.

அதையே உங்கள் ஒவ்வோர் ஊரிலும் செய்யுங்கள். தமிழாசிரியர் இல்லாத ஊர் இல்லை. அவரிடம் செல்லுங்கள், வரைபடத்தை விரித்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்பார்ந்த ஆசிரியர்களே, பாட்டுக்கு உரை சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஊரின் தலைமேல் விழும் ஆணைக்கும் உரை சொல்லுங்கள். ஊரைப் படிக்காத வரைபடத்தை ஊர் படிக்கட்டும். படித்து, எழுந்து, தமிழில் கேட்கட்டும்!

வாழ்க தமிழ்! வாழ்க தமிழர் தொழில்!