நோயுற்ற குழந்தைகளும் வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு விழாவில் ஏதேனும் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் பணித்தபோது யாம் தயங்கினோம். யாம் வைத்தியம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் காலங்கழித்து வருகிறோம். ஆயினும் நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அனுபவம், இங்குள்ள எல்லாத் தகப்பன்மார்களையும் போல் எமக்கும் உண்டு. அவ்வனுபவம் ஒன்றே இன்று எம்மைப் பேசத் தூண்டியது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எம் மூத்த மகனுக்குக் கடுஞ்சுரம் கண்டது. விடியற்காலையிலேயே சென்று ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றோம். எம் எண் பதினான்கு. பத்தாம் எண் நடந்து கொண்டிருந்தபோது, கூலி வேலை செய்யும் ஒரு பெண் துணிச்சுருளில் ஒரு குழந்தையை ஏந்தி வந்தாள். நர்ஸ் அம்மையார் துணியை விலக்கி ஒரு முறை பார்த்தார். உடனே அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார். எமக்குக் கோபம் வந்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதானே எம் ஜன்னலின் சட்டம்! அரைகுறை ஹிந்தியில் உரக்க ஆட்சேபித்தோம். வெளியே வந்த நர்ஸ் அம்மையார் கோபிக்கவில்லை. "உங்கள் பிள்ளை அழுகிறது. அந்தப் பிள்ளைக்கு அழவும் சக்தியில்லை" என்று மட்டும் சொல்லிச் சென்றார். எம் மகன் மூன்று நாளில் குணமடைந்தான். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று விசாரித்தறியும் தைரியம் எமக்கு அன்று உண்டாகவில்லை. அவ்வெட்கம் இன்னும் எம்மை விட்டு அகலவில்லை.

அந்த அம்மையார் செய்தது தம் மனப்போக்கில் செய்த சலுகை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அஃது ஆராய்ந்து வகுக்கப்பட்ட முறை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள அம்முறையில், வந்திறங்கும் குழந்தைகளை வாசலிலேயே மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மூச்சுத் திணறல், நினைவிழத்தல், வலிப்பு, கை கால் சில்லிட்டு நாடி தளர்தல், பேதியால் உடலில் நீர் வற்றிப் போதல் ஆகிய அறிகுறிகள் உடையோர் முதல் வகையினர். அவர்களுக்கு ஒரு நொடியும் காத்திருப்பு இல்லை. இரண்டு மாதம் நிறையாத சிசுக்கள், மிக மெலிந்தோர், உடல் வெளுத்தோர் போன்றவர்கள் அடுத்த வகையினர். ஏனையோர் வரிசையில் நிற்கலாம்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்னும் ஏழை நாட்டின் பிளான்டயர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இம்முறையைப் புகுத்திப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். ஊழியருக்குப் பயிற்சி அளித்தார்கள். முன்னர் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்து வந்தன; பின்னர் அத்தொகை 6 முதல் 8 வரையாகக் குறைந்தது. இவ்விவரம் 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதில் விலையுயர்ந்த மருந்து யாதும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

இனி, நாம் பிழைக்க வந்த இவ்வங்க நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சியால்டாவிலிருந்து செல்லும் புறநகர் வண்டிகள் சென்று முடியும் பன்காவ் நிலையத்தை நம்மில் பலர் அறிவர். 1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக அவ்வூரைச் சுற்றி வந்து தங்கினர். காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து கொண்டிருந்தது; ஏற்றத் தெரிந்தவரும் சிலரே. படுக்கைகள் நிரம்பித் தரையிலும் நோயாளிகள் கிடந்தனர். அங்கே பணியாற்றச் சென்ற டாக்டர் திலீப் மகலனாபிஸ் குழந்தை வைத்தியர். அவர் செய்தது என்ன? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கலந்து, நோயாளியின் தாயிடமும் தமக்கையிடமும் கொடுத்துக் குடிக்கச் செய்தார். சர்க்கரையுடன் சேரும் உப்பைக் குடல் பேதியின்போதும் உறிஞ்சிக் கொள்ளும். உப்பைத் தொடர்ந்து நீரும் உடலில் சேரும். இதுவே அதன் தத்துவம். அம்முகாமில் நூற்றுக்கு 30 என்றிருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. 2022-இல் மறைந்த அப்பெரியாருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும் முன்னிலும் குறைத்தே சேர்க்கப்பட்டுள்ளன. 2002-இல் வகுத்த அளவு அது.

வசதியுள்ள நாடுகளில் செய்வதையெல்லாம் அப்படியே செய்தால் ஏழை நாட்டுக் குழந்தைகளும் பிழைக்கும் என்று எண்ணுதல் இயற்கை. ஆனால் அவ்வெண்ணத்தையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பதைக் கெனியா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. கடுஞ்சுரத்தால் இரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைகளுக்கு நரம்பு வழியே நீரை விரைந்து ஏற்றுவது வசதியுள்ள நாடுகளில் பரவலாகக் கையாளப்பட்ட சிகிச்சை. 3,141 குழந்தைகளிடம் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விரைந்து நீர் ஏற்றப்பட்டோரில் இரண்டு நாளைக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதோரில் 7.3 பேரே இறந்தனர். 2011-இல் இம்முடிவு வெளியானபோது வைத்திய உலகமே திகைத்தது. பேதியால் நீர் வற்றிய குழந்தைகள் இவ்வாராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அவர்களுக்கு நீர் கொடுக்கலாகாது என்று ஒருவரும் பொருள் கொள்ளல் கூடாது. 'பாட்டில் ஏற்றவில்லையே' என்று டாக்டரை நெருக்கும் நம் வழக்கத்தைத்தான் இது யோசிக்க வைக்கிறது.

மற்றோர் உதாரணம் டாக்கா நகரத்தது. நிமோனியா கண்ட குழந்தைக்குச் சுவாச யந்திரம் வைக்கப் பெரும்பொருள் வேண்டும். டாக்டர் ஜோபாயெர் சிஷ்டி என்பவர், சாதாரண ஷாம்பு பாட்டிலில் நீர் நிரப்பி, பிராணவாயுக் குழாயின் மறுமுனையை அதில் அமிழ்த்தினார். குழந்தை விடும் மூச்சு நீரில் குமிழியாக வெளிவர வேண்டியிருப்பதால், நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாமல் திறந்திருக்கின்றன. 2015-இல் வெளியான அவரது ஆராய்ச்சியில், சாதாரண முறையில் பிராணவாயு பெற்றோரில் நூற்றுக்கு 15 பேர் இறக்க, குமிழி முறையில் 4 பேரே இறந்தனர்.

இவ்விடத்தில் யாம் உண்மை முழுவதையும் சொல்லியாக வேண்டும். இதே போன்ற குமிழி முறையை மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், டாக்டரின் நேரடி மேற்பார்வையின்றி, மிகவும் நலிந்த குழந்தைகளுக்குச் செய்து பார்த்தபோது மரணம் குறையவில்லை. நூற்றுக்கு 11 என்பதற்குப் பதில் 17 ஆயிற்று. இது 2019-இல் வெளியான முடிவு. டாக்காவில் பாட்டிலுக்குப் பக்கத்தில் பழகிய டாக்டர்களும் நர்சுகளும் இருந்தார்கள். மலிவான கருவி கிடைத்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்று அதிகாரிகள் எண்ணிவிடலாகாது. சிக்னல் எவ்வளவு செம்மையாயினும், அதைக் கவனிக்க விழித்திருக்கும் ஒருவர் வேண்டும் என்பது ரயில்வேக்காரராகிய நமக்குத் தெரியாததன்று.

தாய்மார்களே! இவற்றால் நமக்கு ஆவதென்ன என்று தாங்கள் கேட்கலாம். பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லித் தொண்டையை வறள வைக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் முற்றும் ஒழியவில்லை. அதை விட்டொழிப்போம். பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. இருமும் குழந்தையின் மூச்சைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம், அதற்குமேல் ஐந்து வயது வரை 40-ம் எட்டினால் தாமதியாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60 என்பது எல்லை. மூச்சு இழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பியும் விழிக்காவிட்டாலும் எண்ணிக்கைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இங்கே நமக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த நம் பெண்களுக்கு வங்காளியும் வராது, ஹிந்தியும் வராது. கணவன் டியூட்டியில் இருப்பான். 'குழந்தை இரவிலிருந்து பால் குடிக்கவில்லை' என்னும் ஒரு வாக்கியத்தை நர்சிடம் சொல்ல இயலாமல், முதல் வகையில் சேர வேண்டிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மூன்றாம் வகை வரிசையில் மௌனமாக நிற்பாள். நர்ஸ் எவ்வளவு கெட்டிக்காரராயினும், சொல்லாததை அவர் எவ்வாறு அறிவார்?

ஆதலால் சங்கத்தின் முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறோம். சங்கக் கட்டிடத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் கொண்ட பெட்டி ஒன்று எந்நேரமும் இருக்க வேண்டும். இரண்டாவதாக, இரவு பகல் எந்நேரத்தில் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை சென்று மொழிபெயர்க்கக்கூடிய அன்பர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டும். அப்பட்டியலில் முதற்பெயராக எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரவு டியூட்டி உள்ள வாரங்களில் எமக்குப் பதிலாக எம் மூத்த மகன் வருவான். அன்று சுரத்தோடு வரிசையில் அழுது கொண்டு நின்ற அதே பிள்ளைதான். இப்போது வங்காளியை எம்மினும் நன்றாகப் பேசுகிறான்.