பதினொன்றாம் வகுப்புக் கணிதம்: அவசரம் வேண்டாம்



2018-19 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய கணிதப் பாடநூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. கனமாக இருக்கிறது என்கிறீர்கள்; உண்மைதான். முன்பு பல பள்ளிகளில் இந்த ஆண்டுப் பாடத்தைத் தாண்டி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்துவார்கள். 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது அப்படித் தாண்ட முடியாமல் போனது. என் கவலை வேறு: பாடத்தை நடத்துவோம், வெறும் சூத்திரமாக நடத்திவிடுவோமோ என்பதுதான்.

'எல்லை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 4ஐக் கழித்து, வருவதை அந்த எண்ணைவிட 2 குறைந்த எண்ணால் வகுக்கிறோம். எண் 2 என்றால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவருகிறது. உடனே காரணிப்படுத்தி அடிக்கச் சொல்லாதீர்கள். 1.9, 1.99, 2.01 என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும், 3.9, 3.99, 4.01 என்று விடை வரும். 4ஐ நெருங்குகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். பிறகு, அடிப்பது ஏன் சரி என்று கேளுங்கள். நாம் 2க்குப் பக்கத்தில் நிற்கிறோம், 2இல் அல்ல. ஆகவே பகுதி பூச்சியமில்லை. இதற்கு ஒரு பாடவேளை கூடுதலாகப் போகும். போகட்டும், வகையிடலுக்கு வரும்போது அந்த நேரம் மிச்சமாகும்.

கீழ்வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னங்களிலும் இயற்கணிதக் கோவைகளிலும் பிள்ளைகள் அடிக்கும் ஒவ்வொரு முறையும், "பகுதி பூச்சியம் ஆகாதே?" என்று கேட்டுப் பழக்குங்கள்.