நீரிழிவு வருமுன்: பெண்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியவை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் "வீட்டில் ஒருவருக்கும் சீனி வருத்தம் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று இந்த மண்டபத்தில் கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வீடுகளில் நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர், கிளினிக் கொப்பியைக் காவிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். "அம்மா, நீங்கள் கடைசியாக எப்போது சீனி பார்த்தீர்கள்?" என்று அவரிடம் கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை டொக்டர், இவருக்குத்தான்" என்பார். எல்லோருடைய சீனியையும் கவனித்துத் தன்னுடையதைப் பார்க்காத அந்தப் பெண்ணுக்காகவே இன்று பேசுகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். 2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பது தெரியவந்தது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. போர்ச் சூழலால் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பின்னர் 2018, 2019 இல் நடந்த தேசிய ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் ஏறக்குறைய 23 சதவீதமாக இருந்தார்கள். முந்திய நிலையில் இன்னும் 30 சதவீதம் அளவினர். அதாவது இன்று வளர்ந்தவர்களில் இரண்டு பேரில் ஒருவர் இந்த வரிசையில் நிற்கிறார்.

இரண்டாம் வகை நீரிழிவு ஒரே நாளில் வருவதில்லை. சதையி சுரக்கும் இன்சுலின்தான் குளுக்கோசை உடற்கலங்களுக்குள் அனுப்புகிறது. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்புச் சேரும்போது இன்சுலினின் சொல்லை உடல் கேட்க மறுக்கிறது. சதையி கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. பல ஆண்டுகள் இப்படி உழைத்துக் களைத்த பிறகுதான் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் மெலிவும் வருவதற்கு முன்னரே நோய் குடிபுகுந்திருக்கும். பலருக்கு ஓர் அறிகுறியும் இருப்பதில்லை. ஆனால் அந்த நீண்ட காலத்தில் உடல் சில அறிவித்தல்களைத் தருகிறது. அவற்றை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

மாற்ற முடியாத காரணிகளை முதலில் பார்ப்போம். பெற்றோருக்கோ சகோதரருக்கோ நீரிழிவு இருப்பது ஒன்று. வயது இன்னொன்று. தெற்காசியராகப் பிறந்தது மூன்றாவது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் வாழும் தெற்காசியருக்கு அங்குள்ள வெள்ளையரைவிட இளம் வயதிலேயே, குறைந்த உடல் நிறையிலேயே நீரிழிவு வருகிறது. புலம்பெயர்ந்த சகோதரிகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிறப்பு நிறையும் ஒரு காரணி. 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. வயிற்றில் பட்டினி கிடந்த உடல் சேமிக்கப் பழகிவிடுகிறது. பின்னாளில் நிறையச் சாப்பாடு கிடைக்கும்போது அந்தப் பழக்கமே பகையாகிறது. எங்கள் மண்ணிலும் பொருளாதாரத் தடைக்குள்ளும் இடம்பெயர்வுகளுக்குள்ளும் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று அவர்கள் முப்பது வயதைத் தாண்டியவர்கள், பலர் வெளிநாடுகளில் வளமாக இருக்கிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை உங்களுக்கு இருந்தால் அதை அவருக்குச் சொல்லி வையுங்கள். அது அவருடைய மருத்துவ வரலாற்றின் முதல் வரி.

அடுத்தது, "நான் மெலிவுதானே" என்ற நம்பிக்கை. பூனாவைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக், லண்டன் வைத்தியரான தன் நண்பர் யட்கினோடு சேர்ந்து 2004 இல் லான்செற் சஞ்சிகையில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டார். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். தராசில் ஒன்றாக நின்ற இருவர் உள்ளே வேறு வேறாக இருந்தார்கள். மெல்லிய கையும் காலும், நடுவில் கொழுப்பும் என்பது எங்கள் பலருடைய உடலமைப்பு. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியருக்குச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று சொன்னது.

தராசைவிட அளவுநாடா நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், எல்லை. ஆண்களுக்கு 90. வீட்டில் சோட்டி, வெளியில் சேலை. இரண்டுமே இடுப்புக் கூடுவதைக் காட்டிக்கொடுக்காத உடுப்புகள். ஆகவே நாடாவைத்தான் கேட்க வேண்டும்.

இனி, பெண்களுக்கு மட்டுமே உரிய அறிவித்தல்கள். இன்றைய பேச்சின் மையம் இதுதான்.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்ததா? பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் அது இறங்கிவிடும். "அது அப்போது இருந்தது, இப்போது சரி" என்று மறந்துவிடுகிறோம். அது சரியாகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒரு பரிசோதனை, அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கொரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, தாயின் நீரிழிவு அபாயத்தையும் குறைக்கிறது.

மாதவிடாய் ஒழுங்கீனத்தோடு வரும் பி.சி.ஓ.எஸ். எனும் சூலக நோய் இன்னொரு அறிவித்தல். இதைப் பிள்ளைப்பேற்றுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். கலியாணமாகிப் பிள்ளை பிறந்ததும் மருந்தையும் மறந்துவிடுகிறோம். ஆனால் அதன் அடியிலும் இன்சுலின் வேலை செய்யாத அதே குறைதான் பலருக்கு இருக்கிறது. மகளின் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெற் துணிபோலத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் இதே செய்திதான். பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, மாற்றக்கூடியவை எவை? முதலாவது சாப்பாட்டுக் கோப்பை. எங்கள் சாப்பாடு கெட்ட சாப்பாடு அல்ல, அதன் பங்கீடுதான் பிழை. சோறு மலைபோல், மரக்கறி தொட்டுக்கொள்ள. இதை மாற்றி, கோப்பையில் பாதி மரக்கறியும் இலைவகையும், காற்பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, மிச்சக் காற்பங்கு சோறு அல்லது பிட்டு என்று வையுங்கள். முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் எங்களிடம் இல்லாதவையா? குத்தரிசி நல்லது, குரக்கன் நல்லது. ஆனால் "குரக்கன் பிட்டுத்தானே" என்று மூன்று குழல் சாப்பிட்டால் அதுவும் மாப்பொருள்தான். பனங்கட்டியும் தேனும் சீனியின் உறவினர்களே. பாவற்காய்ச் சாறு மருந்துக்குப் பதிலாகாது.

தேநீரையும் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளில் நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் எட்டுக் கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்க்கும் சீனியையும் கூட்டி, ஆறு கரண்டி அளவுதான். விருந்தினரின் சோடா, பின்னேர ரோல்ஸ், பிறந்தநாள் கேக் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. 2016 முதல் எங்கள் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பழக்குங்கள்.

இரண்டாவது உடல் உழைப்பு. இந்த மைதானத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்கள், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடியவர்கள் இங்கே எத்தனை பேர்! கடைசியாக எப்போது ஓடினீர்கள்? எங்களில் பலருக்கு அந்த நாள் ஓ.எல். வகுப்போடு முடிந்தது. சிலருக்குப் பெரியபிள்ளையானதோடு முடிந்தது. பிறகு ரியூசன், பிறகு வேலை, குசினி, பிள்ளைகள். வீட்டுவேலையே தேகப்பயிற்சி என்கிறோம். வீட்டுவேலை களைப்பைத் தருவது உண்மை. ஆனால் மூச்சு வேகமாகும் அளவுக்குத் தொடர்ந்து நடப்பதற்கு அது பெரும்பாலும் ஈடாகாது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி வேக நடை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் நடக்கலாம். சாப்பிட்டபின் பத்து நிமிட நடையும் சீனியை இறக்கும்.

நித்திரைக் குறைவும் புகைத்தலும் இந்த வரிசையில் சேரும். நீரிழிவு தனியாகவும் வருவதில்லை. உயர் பிரஷர், கொலஸ்ட்ரோல், ஈரலில் கொழுப்பு என்று கூட்டமாகவே வரும். மாரடைப்பும் பாரிசவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் கண்பார்வை இழப்பும் அந்தக் கூட்டம் விட்டுச் செல்பவை. இதய நோய் அபாயத்தை நீரிழிவு ஆண்களைவிடப் பெண்களில்தான் கூடுதலாக உயர்த்துகிறது. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக அன்றி மூச்சுத்திணறலாக, குமட்டலாக, இனந்தெரியாத களைப்பாகவும் வரலாம். "காஸ்" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் உண்மையில் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் முந்திய நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளிவந்தது. உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடல் உழைப்பு என்ற இலக்கோடு முயன்றவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அவர்களுள் முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்திருந்த பெண்களுக்கும் அபாயம் ஏறக்குறைய பாதியாகியது. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2006 இல் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 28.5 சதவீதம் குறைவு. கவனியுங்கள், அவர்களுடைய உடல் நிறை சொல்லும்படி குறையவில்லை. ஆகவே தராசு அசையவில்லை என்று நடையை விட்டுவிடாதீர்கள்.

இனி ஒரு சிறு வீட்டுப்பாடம். நான்கு இலக்கங்களை எழுதி வையுங்கள்: இடுப்பளவு, பிரஷர், வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல். வெறுவயிற்றுச் சீனி 100 க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு, மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இடைப்பட்டது எச்சரிக்கை. லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு வேறு அலகில் 5.6, 7.0 என்று வரும். அதை 18 ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சீ. பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. ஊரில் அரச ஆஸ்பத்திரிகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் இலவசமாகப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானோருக்கு ஐந்தாண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தால் மேசை லாச்சிக்குள் வைக்காதீர்கள்.

பாடசாலைக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சை ஆண்டு என்று பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துவிடாதீர்கள். நாளுக்கு ஒருமணி நேர உடல் உழைப்பு அவர்களுக்குத் தேவை. சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலையும் பழமும் முன்வரிசைக்கு வரட்டும். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள எங்கள் கிளைச் சங்கங்கள் ஆண்டுக்கொரு ஒன்றுகூடலில் அளவுநாடாவையும் பிரஷர் கருவியையும் ஒரு மூலையில் வைக்கட்டும். சாப்பாட்டு வரிசை தொடங்கும் முன்பே வைத்தால் இன்னும் நல்லது.

உங்கள் மகள்மாருக்கு நகையும் காணியும் எழுதி வைக்கிறீர்கள். அவற்றோடு உங்கள் உடலின் கதையையும் சொல்லிக் கொடுங்கள்: உனக்கு நான் சுமையாக இருந்தபோது சீனி கூடியது, நீ இத்தனை கிலோவில் பிறந்தாய், அம்மம்மாவுக்கு இத்தனை வயதில் நீரிழிவு வந்தது என்று. அந்தப் பிள்ளை வைத்தியர் முன் இருக்கும்போது அந்த மூன்று வசனங்களும் அவளுக்கு உதவும்.