உலக வரைபடத்தில் எங்கள் தெரு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் படிப்பக மாணவர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

பள்ளியில் நாங்கள் செய்த செயல்திட்டங்களால் உலகத்தைப் பற்றி எவ்வளவு அறிந்துகொண்டோம் என்பதைப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். பிடி அரிசி திரட்டிப் படிப்பகம் கண்டவர்கள் நீங்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து அரசுப் பணிக்குச் சென்று, மீண்டும் வந்து எங்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்தவர்கள் நீங்கள். உங்கள் முன் உலக அறிவு பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி உண்டா என்னும் தயக்கம் எழாமல் இல்லை. எனினும், கடந்த மூன்றாண்டுகளில் நாங்கள் செய்தவற்றுள் சில இக்கழகத்தோடும் இத்தெருவோடும் நெருங்கிய தொடர்புடையவை. ஆதலின் அவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, ஒரு கோலும் அதன் நிழலும். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ் என்னும் அறிஞர், நிழலை அளந்தே உலகின் சுற்றளவைக் கணக்கிட்டார். தெற்கே சையீன் நகரில் கோடையின் உச்ச நாளன்று நண்பகலில் நிழல் விழுவதில்லை. அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு என்று கண்டு, இரு நகரங்களின் இடைத் தொலைவை 50-ஆல் பெருக்கினார். அவ்வளவே.

இதையே நாங்களும் செய்தோம். மார்ச்சு 21-ஆம் நாளை ஒட்டி ஆம்பூரில் ஒரு மீட்டர் கோலை நட்டோம். அதே நாளில் நாகர்கோவிலில் வேறொரு பள்ளி மாணவர்கள் அதே உயரமுள்ள கோலை நட்டனர். எங்கள் ஊரில் மிகக் குறுகிய நிழல் பன்னிரண்டு மணி இருபது நிமிடத்தை ஒட்டி விழுந்தது. அதன் நீளம் 23 சென்டிமீட்டர். அவர்கள் அளந்தது 14.5 சென்டிமீட்டர். கோணங்களின் வேறுபாடு 4.7 பாகை. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் தெற்கு வடக்காக உள்ள தொலைவை வரைபடத்தில் அளந்து 510 கிலோமீட்டர் என்று கொண்டோம். கணக்கில் வந்த சுற்றளவு சுமார் 39,000 கிலோமீட்டர். உண்மை அளவு ஏறத்தாழ 40,000. ஒரு கோலும் அளவு நாடாவும் தவிர வேறு செலவே இல்லாத சோதனைக்கு இது போதாதா?

நிழல் பட்டாலே தீட்டு என்று விலக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், நிழலைக் கொண்டே உலகை அளந்தோம் என்பதை அன்று மாலை படிப்பகத்தில் சொன்னபோது, எங்கள் தாத்தாமார்களில் ஒருவர் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செயல்திட்டம், ஒரு சோடிக் காலணி. நம் தாய்மார்களும் அக்காமார்களும் பலர் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர் என்பது நீங்கள் அறியாததன்று. அவர்கள் தைக்கும் மேல்தோல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தோம். போகும் இடத்தைக் கண்டறிவது எளிதாயிற்று. சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கிறது. வந்த வழியைத் தேடியபோதுதான் உலகம் விரிந்தது. முன்னாளில் நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டனர். இன்று தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் குரோமிய உப்பு. அந்தக் குரோமியத் தாதுவை உலகிலேயே மிகுதியாகத் தோண்டி எடுக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. அங்கே சுரங்கத்தில் இறங்குபவரையும், இங்கே பாலாற்றில் கலந்த கழிவினால் கிணறு கெட்டுப்போனவரையும் ஒரே காலணி இணைக்கிறது. பாலாற்றங்கரை மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டில் உறுதிப்படுத்தியது. தீர்ப்பு வந்தும் நம் கிணறுகளின் கதை என்னவாயிற்று என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை.

தோல் என்றதும் எங்களுக்குள் ஒரு கேள்வி பிறந்தது. தோல் தொழில் செய்வோரை இழிவாகக் கருதும் வழக்கம் நம் நாட்டில் மட்டுந்தானா? இந்தக் கேள்வி எங்களைச் சப்பான் நாட்டிற்குக் கொண்டு சேர்த்தது.

பெரியோர்களே, இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். வேகமான தொடர்வண்டிகளுக்கும் நுண்கருவிகளுக்கும் பெயர் பெற்ற அந்நாட்டில், புராக்கு மக்கள் என்று ஒரு பிரிவினர் உள்ளனர். அவர்களுடைய முன்னோர் தோல் உரித்தல், இறைச்சி வெட்டுதல், இறந்த விலங்குகளை அப்புறப்படுத்தல் ஆகிய தொழில்களில் பிணிக்கப்பட்டு, தனிச் சேரிகளில் வாழ்ந்தவர்கள். நிறத்திலோ மொழியிலோ மற்றவரினின்றும் அவர்கள் வேறுபட்டவர்கள் அல்லர். 1871-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று அந்த இழிநிலையை ஒழித்தது. ஆணை ஒழித்ததை ஊர் ஒழிக்கவில்லை. 1922-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் கியோத்தோ நகரில் அம்மக்கள் கூடி, சுயிஹெய்ஷா என்னும் சமத்துவ அமைப்பைத் தோற்றுவித்தனர். அவர்கள் உயர்த்திய கொடி, கறுப்புத் துணியில் சிவந்த முள்முடி.

எங்களை மிகவும் அதிரச் செய்தது 1975-ஆம் ஆண்டு வெளிப்பட்ட செய்தி. புராக்கு மக்கள் வாழும் இடங்களின் பெயர்களைத் தொகுத்து, பட்டியல் நூலாக அச்சிட்டு, நிறுவனங்களுக்கு மறைவாக விற்றிருக்கின்றனர். வேலைக்கு விண்ணப்பிப்பவனின் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டு, வேண்டாம் என்று ஒதுக்குவதற்காக! "எந்தத் தெரு?" என்னும் கேள்வியை நாங்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! வீடு வாடகைக்குத் தேடிச் சென்ற அண்ணன்மார் கேட்டிருக்கின்றனர். அதே கேள்வியைக் கடல் கடந்த ஒரு நாட்டில் அச்சிட்டு விற்றார்கள் என்று அறிந்தபோது, எங்களுக்கு வருத்தத்தோடு ஒருவகைத் தெளிவும் பிறந்தது. இது நம் பிறவியின் குறையாயின், சப்பானில் ஏன் இருக்க வேண்டும்?

இன்னொரு செய்தி, கல்விக் கழகத்தார் அறிந்து மகிழத்தக்கது. 1961-ஆம் ஆண்டு, கொச்சி என்னும் நகரில் (நம் கேரளத்துக் கொச்சி அன்று, சப்பானிலும் ஒரு கொச்சி உண்டு) நாகஹாமா பகுதியைச் சேர்ந்த புராக்குத் தாய்மார்கள், கட்டாயக் கல்வி இலவசம் என்று அரசியல் சட்டம் கூறும்போது பாடநூலுக்கு மட்டும் ஏன் விலை என்று வினவி இயக்கம் நடத்தினர். அதன் தொடர்ச்சியாக, கட்டாயக் கல்வி பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூல் இலவசம் என்னும் சட்டம் அந்நாட்டில் வந்தது. இன்று சப்பானில் செல்வர் வீட்டுப் பிள்ளையும் பாடநூலை விலையின்றிப் பெறுகிறான். அதைக் கேட்டுப் பெற்றுத் தந்தவர்கள் ஒதுக்கப்பட்ட சேரியின் அன்னையர். இதை எத்தனை பேர் அங்கே நினைக்கிறார்களோ, நாங்கள் நினைக்கிறோம்.

இவற்றையெல்லாம் பெரிய அட்டைகளில் எழுதிப் பள்ளிக் கண்காட்சியில் வைப்பது என்று முடிவாயிற்று. நிழல் ஓர் அட்டை. காலணியும் சப்பானும் ஓர் அட்டை. மூன்றாவது அட்டை அமெரிக்கக் கறுப்பின மாணவர்களைப் பற்றியது. வர்சீனியா மாநிலத்துப் பார்ம்வில் என்னும் சிற்றூரில், 180 மாணவருக்கெனக் கட்டிய பள்ளியில் 450-க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்களை அடைத்து, இடம் போதாமல் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் அமர்த்தினர். 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பதினாறு வயதுப் பார்பரா சான்ஸ் என்னும் மாணவி மற்ற மாணவர்களைத் திரட்டி வகுப்பைப் புறக்கணிக்கச் செய்தார். அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். வழக்கறிஞர்களோ, தனிப்பள்ளி முறையையே எதிர்ப்பதாயின் வழக்கை ஏற்போம் என்றனர். மாணவர்களும் பெற்றோரும் இசைந்தனர். 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அளித்த தீர்ப்பில் அந்த வழக்கும் அடங்கும். அதற்கு அம்மாவட்டத்தார் செய்த மறுமொழியைக் கேளுங்கள்: 1959 முதல் 1964 வரை ஐந்தாண்டுகள் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடிவிட்டனர். சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாமற்போவது மேல் என்று எண்ணியவர்களும் உலகில் இருந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1946-ஆம் ஆண்டு கறுப்பின அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதியதையும், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தைப் பற்றி அதில் வினவியதையும், டூபாய்சு பரிவோடு மறுமொழி விடுத்ததையும் அந்த அட்டையின் அடியில் எழுதினோம். அதற்கும் முன்பே, 1873-இல் சோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். உலக அறிவு நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நான்காவது அட்டை நம் ஊரைப் பற்றியது. அளவு நாடா கொண்டு நாங்களே அளந்து வரைந்த வரைபடம். நம் தெருவிலிருந்து குடிநீர்த் தொட்டி எவ்வளவு தொலைவு, நியாயவிலைக் கடை எவ்வளவு தொலைவு, இடுகாட்டிற்குப் பொதுவழியில் சென்றால் எவ்வளவு, நாம் இன்று பிணத்தைச் சுமந்து செல்லும் வயல் வரப்பு வழியில் எவ்வளவு என்று அளவுகளை மட்டும் எழுதினோம். வசை ஒன்றும் எழுதவில்லை.

முதல் மூன்று அட்டைகளையும் வந்தவர் எல்லாம் பாராட்டினர். நான்காவது அட்டை, சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன் அகற்றப்பட்டது. பள்ளியின் பெயரையும், அகற்றச் சொன்னவரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. அது எங்கள் நோக்கமன்று. ஆனால் சொல்லப்பட்ட காரணத்தை நீங்கள் கேட்க வேண்டும். "கண்காட்சியின் தலைப்பு உலக விழிப்புணர்வு, இது உள்ளூர்ச் செய்தி" என்றார்கள். சப்பானியச் சேரி உலகத்தில் இருக்கிறதாம். நம் சேரி மட்டும் உலகத்திற்கு வெளியே இருக்கிறதாம்! செய்முறை மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். அந்த அச்சத்தை நாங்கள் குறை கூறமாட்டோம். மதிப்பெண்ணின் அருமையை நம் வீடுகள் அறிந்த அளவுக்கு எவர் அறிவார்? அறிவியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், அளந்து எழுதியதை அகற்றுவது அறிவியலுக்கே இழுக்கு என்று வாதாடினார். அவர் நம்மவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த அட்டை இன்று இம்மன்றத்தின் வாயிலுக்கு இடப்புறம் தொங்குகிறது. அதன் படியொன்றைக் கழகச் செயலாளர் அவர்கள், இடுகாட்டுப் பாதைக்கான மனுவோடு இணைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் அளித்தார்கள். ஓராண்டு கடந்துவிட்டது. மறுமொழி வரவில்லை. அளவுகளை மறுத்தும் எவரும் எழுதவில்லை.

இறுதியாக, இப்போது நாங்கள் தொடங்கியிருக்கும் பணி பற்றி. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டம் அது. 1911 வரை அவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். வட ஆர்க்காடு மாவட்டம் மிகுதியான ஆட்களை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றை எழுதிவைத்தனர். கடல் கடந்தும் சாதிக்கு ஒரு கட்டம் ஒதுக்க அவர்கள் மறக்கவில்லை. அந்தப் பட்டியல்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. கணினி வழியே காணவும் முடிகிறது.

நம் வட்டத்தைச் சேர்ந்த பெயர்களை நாங்கள் படியெடுத்து வருகிறோம். ஆங்கிலேய எழுத்தரின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டிருப்பதால் ஊர்ப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்துள்ளன. அங்கேதான் உங்கள் உதவி எங்களுக்கு வேண்டும். எந்த ஊருக்குப் பழம்பெயர் என்ன, எந்த வீட்டில் கடலுக்குப் போய்த் திரும்பாத முப்பாட்டனைப் பற்றிப் பேச்சு இருந்தது, யார் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள், யார் கப்பலேறினார்கள் என்பவை எந்த நூலிலும் இல்லை. உங்கள் நினைவில் மட்டுமே உள்ளன. கழகத்தாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளி விழா நினைவாகப் படிப்பகத்திற்கு ஒரு பெரிய உலக உருண்டையும், பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகும் வந்து படிக்கும்படித் தெருமுனையில் ஒரு விளக்கும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் இயலும் என்றால், விளக்கைத் தாருங்கள்.

இதுவரை படியெடுத்த பெயர்ப்பட்டியல் படிப்பக மேசைமீது விரித்து வைக்கப்பட்டுள்ளது. கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் அருள்கூர்ந்து வந்து பார்க்க வேண்டும். படிக்க இயலாதவர்களுக்கு, ஒவ்வொரு பெயராக நாங்கள் படித்துச் சொல்வோம்.