விசாரணை மன்றத்தில் நம் குரல்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் உருவாக்கிய பட்டதாரிகளை எண்ணி இம்மேடையில் பலரும் பாராட்டினர். நாம் வேறொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஊருக்கு இன்னல் நேர்ந்து விசாரணை மன்றம் கூடும் நாளில், கற்ற கல்வி நமக்குப் பயன்பட்டதா என்பதே அது.

முன்பு நம் பகுதியில் நடந்த கலவரம் குறித்த விசாரணைக்கு நாம் முப்பது பேர் சென்றிருந்தோம். அன்றைய கூலியை இழந்து, கட்டுச்சோறு சுமந்து, முதற்பேருந்தில் சென்றோம். குடிசையைத் தீக்குப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர், "பொழுது சாயுமுன் வைத்தார்கள்" என்று சாட்சி கூறினார். அவர் கைநாட்டு வைத்த வாக்குமூலத்திலோ "நள்ளிரவில்" என்றிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவரைத் திணறடித்தார். கண்ணால் கண்டவரின் சாட்சியம் நம்பத்தகாததெனத் தள்ளப்பட்டது.

அவ்வாக்குமூலத்தை எழுதியவர் அயலார் அல்லர். நம் விடுதியில் தங்கிப் படித்த இளைஞரே. ஒரே இரவில் பத்து வாக்குமூலங்களை எழுதியவர், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதிவிட்டார், படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டும்படி நாமும் கேட்கவில்லை. பழியை அவர் ஒருவர் மீது சுமத்த நமக்கு உரிமையில்லை.

ஏட்டில் ஏறும் சொல்லின் அருமையை நம் வழிகாட்டிகள் அறிந்திருந்தனர். 1882-இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் கமிஷன் முன் மகாத்மா ஜோதிராவ் புலே எழுத்து மூலம் சாட்சியம் அளித்தார். உழைப்பவர் செலுத்தும் வரியில் உயர்ந்தோர் மட்டுமே கற்கின்றனர் என்று எடுத்துக்காட்டி, பன்னிரண்டு வயது வரையிலேனும் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டுமென்றார். 1919-இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாதோரின் பிரதிநிதித்துவத்திற்காக வாதாடியபோது அண்ணல் அம்பேத்கருக்கு வயது இருபத்தேழு. புலே கேட்டது உடனே கிட்டிற்றா? நாடு முழுவதற்குமான கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009-இல்தான் இயற்றப்பட்டது. எனினும் அவர் சொன்னது ஏட்டில் இருந்தது. இல்லையென எவராலும் மறுக்க இயலவில்லை.

இன்று நமக்குத் துணையாக 1952-ஆம் ஆண்டின் விசாரணைக் கமிஷன்கள் சட்டம் உள்ளது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் கமிஷனுக்கு உண்டு. விசாரணைப் பொருளையொட்டி நாம் கூறும் சாட்சியத்தை நமக்கெதிரான வழக்கில் பயன்படுத்த முடியாது; பொய்ச்சாட்சி ஒன்றே விலக்கு. சாட்சியம் அளித்தவர், கமிஷனின் அனுமதி பெற்று, பிற சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அவர் சார்பில் வழக்கறிஞர் மட்டுமன்றி, கமிஷன் இசைந்தால் வேறொருவரும் பேசலாம். அந்த வேறொருவர் நம் பள்ளியில் படித்தவராக ஏன் இருத்தல் ஆகாது?

ஒன்றை மறத்தல் கூடாது. கமிஷனின் அறிக்கை தீர்ப்பன்று. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. அறிக்கை கிடைத்த ஆறு திங்களுக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்புடன் அரசு அதனைச் சட்டமன்றத்தில் வைத்தல் வேண்டும். அக்கெடு தவறினால் ஏனென்று கேட்பதும் நம் பணியே. விசாரணை முடிந்ததும் வீடு திரும்பி அயர்ந்துவிடுவது பாதி வழியில் பாரத்தை இறக்கி வைப்பதாகும்.

ஆகவே இவ்விழா நாளில் சில உறுதிகளை ஏற்போம். ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் அவரவர் வாய்ச்சொல்லாகவே தனித்தனியே எழுதுவோம். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, அவர் ஆமென்ற பின்னரே கையொப்பம் பெறுவோம். படி ஒன்றைச் சங்கத்தில் காப்போம். சாட்சி கூறச் செல்பவரைத் தனியே அனுப்பாது உடன் சென்று அமர்வோம். அன்றைய கூலியைச் சங்கம் ஈடு செய்யட்டும்.

அம்மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு நாம் பட்ட கடன் இருக்கிறது. அதனைத் தீர்க்கும் ஆற்றல், இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எழுதுகோலிடம் உள்ளது.