இருநூறு பேருக்குப் பானகம்

(ஆடிப்பெருக்கு விடுமுறையில் கூடிய முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் பந்தலில் பானகம் குடித்த ஒரு தங்கை, "அண்ணா, இதுல அன்னாசி வாசம் வருதே, எப்படிங்கண்ணா செஞ்சீங்க?" என்று கேட்டார். அதையே என் பேச்சாக வைத்துக்கொள்கிறேன். பெரிய விஷயங்களைப் பேச மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பானகம் நமக்குப் புதிதல்ல. ராமநவமி, பங்குனி உத்திரம் என்றால் ஊருக்கு ஊர் ஊற்றுகிறார்கள். அதில் நாங்கள் கூடுதலாகச் சேர்த்தது அன்னாசி மட்டும்தான். வல்வில் ஓரி விழா நடக்கும் இந்த ஆடி மாதத்தில் கொல்லிமலை அன்னாசி கிடைக்கும். வெல்லம், பரமத்திவேலூர் பக்கத்துக் காவிரிக் கரும்பில் காய்ச்சியது. கோடையில் கூடினால் அன்னாசிக்குப் பதில் சேலத்து மல்கோவா போடலாம்; நார் குறைவு, நன்றாகக் கரையும். 1997-ல் சேலமும் நாமக்கல்லும் தனித்தனி மாவட்டம் ஆகிவிட்டன. அண்டாவுக்குள் இன்னும் பிரியவில்லை!

இனி அளவு. 200 பேர், ஆளுக்கு 200 மில்லி, ஆக 40 லிட்டர். வெல்லம் 7 கிலோ, தண்ணீர் 30 லிட்டர், நல்ல அன்னாசி 10, எலுமிச்சை 40, சுக்குப்பொடி 60 கிராம், ஏலக்காய் 20 கிராம், உப்பு இரண்டு ஸ்பூன். வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் மருந்து போட்டிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள். கருத்த வெல்லமே நல்லது. பத்து லிட்டர் தண்ணீரில் வெல்லத்தைக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள், மண் நின்றுவிடும். ஆறிய பிறகு மீதித் தண்ணீர், அரைத்து வடித்த அன்னாசிச் சாறு, சுக்கு, ஏலம், உப்பு. எலுமிச்சை கடைசியில்தான். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். ருசிக்காகப் பாலை ஊற்றிவிடாதீர்கள், பச்சை அன்னாசி பட்ட பால் கசந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்துதான் நாங்கள் படிக்கும்போது ஒரு விடுதி விழாவில் தவறு செய்தோம். பானகம் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று ஐஸ் பாளம் வாங்கி வந்தோம். சாக்கில் சுற்றி, வராந்தாவில் போட்டு உடைத்து, அப்படியே அண்டாவில் கொட்டினோம். எல்லோரும் "பிரமாதம்" என்றார்கள். மறுநாள் விடுதியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு நண்பருக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. பரீட்சை எழுத முடியவில்லை. அவருக்கு ஓர் ஆண்டு போயிற்று. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: தண்ணீரை முதல் நாள் இரவே கொதிக்க வைத்து, மூடி ஆறவிடுவோம். ஐஸ் பானகத்துக்குள் போகாது. பெரிய தொட்டியில் ஐஸைப் போட்டு, அதன் நடுவே அண்டாவை இறக்கி வைப்போம். மொள்ளுகிற சொம்புக்கு நீளக் கைப்பிடி, ஊற்றுகிறவர் கை சுத்தம். மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெல்லமும் பழமும் வெயிலில் கிடந்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். சர்க்கரை உள்ள நம் வயதுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நீர்மோர்.

தம்பிகளே, நாளை நீங்களும் பந்தல் போடுவீர்கள். அண்டாவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கொடுப்பவரை நம்பி வாங்கிக் குடிக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும், பிறகுதான் வெல்லத்துக்கு.

ஓர் ஆண்டு இழந்த அந்த நண்பர் எங்கே என்று கேட்பீர்கள். காலையில் அண்டாவுக்குக் காவலாக நின்று, "ஐஸை உள்ளே போடாதீங்கப்பா" என்று அதட்டிக்கொண்டிருந்தாரே, அவர்தான்.