கை மரத்துப்போகுது என்றால் நம்ப வேண்டும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது அமெரிக்காவில் பேஸ்போல் விளையாடிய ஒருவரைப் பற்றி. அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கைதான் சம்பந்தம்.

பேஸ்போலில் பந்து எறிபவர் ஒரே ஆட்டத்தில் நூறு தடவைகூட முழுப் பலத்தோடு எறிவார். சில நாட்களில் கை மரத்து, ஓய்ந்துவிடும். அதை அங்கே 'செத்த கை' என்பார்கள். பெரும்பாலும் அது தோளின் களைப்பு. ஓய்வு எடுத்தால் மாறிவிடும். எல்லா நேரமும் அப்படியல்ல.

ஜே. ஆர். ரிச்சர்ட் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் அணியின் வீரர். 1979இல் மட்டும் 313 தடவை எதிரணியினரைத் தன் எறியாலேயே ஆட்டமிழக்கச் செய்தவர். 1980இல் "கை செத்துப்போகிறது" என்றார். பலர் நம்பவில்லை. சோம்பேறி, சாக்குச் சொல்கிறார் என்றார்கள். ஜூலையில் சோதித்தபோது கைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. அப்போதும் சத்திரசிகிச்சை செய்யவில்லை. ஜூலை 30ஆம் திகதி பயிற்சியில் சுருண்டு விழுந்தார். பாரிசவாதம். வயது 30. அதன்பின் அவர் பெரிய போட்டி எதிலும் எறியவில்லை.

உலகம் அறிந்த வீரரின் பேச்சே எடுபடவில்லை. கொழுந்து மலையில் நின்று "கை மரத்துப்போகுது" என்று சொல்லும் நம் அக்காமாரின் பேச்சு எடுபடுமா? நிறை குறைந்தால் அரைப்பேர் என்பதுதானே பதில்?

அமெரிக்காவில் 'லிட்டில் லீக்' சிறுவர் போட்டிகளில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 தடவைக்கு மேல் எறியக்கூடாது. 66 தடவையோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. கை களைக்கும் என்பதை அங்கே விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நாமும் அதைத்தான் கேட்கிறோம்: கை மரத்தது என்று சொல்பவரை மருந்து எடுக்க அனுப்ப வேண்டும், அன்றைய பேரை வெட்டக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மரத்த கை ஓய்வெடுத்தும் மாறாவிட்டால், குளிர்ந்தால், வெளிறினால், வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகம் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சொன்ன நாளையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் தலைவியிடம் எழுதி வையுங்கள்.

பக்கத்து நிரையில் நிற்பவர் கை மரத்தது என்றால் முதலில் நம்ப வேண்டியவர்கள் நாம்தான்.